கிணற்றை யாருக்கு எழுதுவது? உயிலும் குடும்பச் சொத்து ஏற்பாடும்: ஓர் எளிய விளக்கம்

ஆறு ஏக்கர் தோட்டத்தை மூன்றாகப் பிரிப்பது கொங்கு நாட்டில் அரை நாள் வேலை. நில அளவையர் வந்து அளந்து கொடுத்து, பொழியில் கல் நட்டுவிட்டால் முடிந்துவிடும். அந்தத் தோட்டத்தின் நடுவிலுள்ள ஒற்றைக் கிணற்றை யாருக்கு எழுதுவது, அதில் ஓடும் மோட்டாரின் மின் இணைப்பு யார் பெயரில் இருப்பது, கடைசிப் பங்குக்குப் போகும் வண்டித்தடம் யார் நிலத்தில் எத்தனை அடி அகலத்துக்கு விடப்படுவது என்பவைதாம் தலைமுறை தாண்டியும் தீராமல் நிற்கின்றன. என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, தம் தோட்டத்தை மூன்று மாமன்மாருக்கும் ஒரு சென்ட்கூட வித்தியாசமில்லாமல் பிரித்துக் கொடுத்தவர். ஆனால் அவர் எழுதிவைத்த கூர்ச்சீட்டில், அதாவது பாகம் பிரித்து எழுதிய சீட்டில், கிணற்றைப் பற்றி 'மூவருக்கும் பொது' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன. எந்த நாள் யாருடைய முறை, மோட்டார் எரிந்தால் யார் செலவு, ஆழப்படுத்த வேண்டுமானால் யாருடைய சம்மதம் என்று எதுவும் இல்லை. இன்று அந்தத் தோட்டத்தில் மூன்று ஆழ்குழாய்க் கிணறுகள் இருக்கின்றன; பழைய கிணற்றை வேலிக்காத்தான் மூடிக்கொண்டுவிட்டது.

தமக்குப் பின் குடும்பம் எப்படி நடக்க வேண்டும் என்பதை ஒருவர் உயிரோடிருக்கும்போதே எழுத்தில் ஒழுங்குபடுத்துவதையே சொத்து ஏற்பாடு என்கிறோம். எது யாருக்கு என்பது அதில் ஒரு பகுதிதான். உயிரோடு இருக்கப்போகும் மனைவிக்கோ கணவருக்கோ குடியிருக்க வீடும் மாதச் செலவுக்குப் பணமும் எங்கிருந்து வரும், கடனை எதிலிருந்து அடைப்பது, பங்கு போட முடியாத பொருளை யார் நிர்வகிப்பது, இவற்றையெல்லாம் செய்து முடிக்கும் பொறுப்பு யாருடையது என்பவை மற்றப் பகுதிகள். இது பெரிய மில் முதலாளிகளுக்கு மட்டுமான காரியம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. சோமனூரில் ஆறு தறி வைத்திருப்பவர் வீட்டில்தான் இதற்கு அவசரம் அதிகம் என்பது என் கருத்து. ஏனெனில் அங்கே தொழில், வீடு, கடன் மூன்றும் ஒரே கூரைக்கு அடியில், பெரும்பாலும் ஒரே பெயரில் இருக்கின்றன.

எதுவும் எழுதாமல் ஒருவர் இறந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். அப்போது அவருக்காகச் சட்டமே உயில் எழுதிவிடுகிறது. இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். ஓர் ஆண் தாமே சம்பாதித்த சொத்தை, அதாவது பத்திர மொழியில் சுயார்ஜிதச் சொத்தை, உயில் இல்லாமல் விட்டுச் சென்றால், அது மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சமமாகப் போகும். சட்டம் முதல் வகுப்பு வாரிசுகள் என்று சொல்லும் இந்தப் பட்டியலில் தந்தை இல்லை. தாய் இருக்கிறார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உதாரணமாக, பல்லடம் பக்கத்தில் ஒருவர் மனைவி, ஒரு மகன், ஒரு மகள், வயதான தாய் ஆகியோரை விட்டுவிட்டு இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்குக் கால் பங்கு. சில ஆண்டுகள் கழித்து அந்தத் தாயும் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய கால் பங்கு அவருடைய பிள்ளைகள் எல்லோருக்கும் போகும். இறந்துபோன மகனின் பிள்ளைகளுக்கு அவர்களுடைய தந்தையின் பாகம் மட்டுமே கிடைக்கும். மீதி பெரியப்பா, சித்தப்பா, அத்தை என்று பிரியும். இப்படித்தான், யாரும் யாரையும் ஏமாற்றாமலேயே, தம்பி கட்டிய வீட்டில் அண்ணனுக்கும் ஒரு பாகம் வந்து சேர்கிறது. அந்த வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ அப்போது எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும்.

பெண்ணின் சொத்துக்கு விதி வேறு. உயில் எழுதாமல் இறக்கும் இந்துப் பெண்ணின் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போகும். அவர்கள் இல்லையென்றால் கணவர் வழி வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய் தந்தையர் அதற்குப் பிறகே வருவார்கள். பெற்றோரிடமிருந்து வாரிசு முறையில் வந்த சொத்து மட்டும், பிள்ளைகள் இல்லாதபோது, தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். ஆகவே பிள்ளையில்லாத, கணவரை இழந்த ஓர் ஆசிரியை தம் சம்பளத்தில் வாங்கிய வீடு, தம்மைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட அம்மாவுக்குச் சேர வேண்டுமென்று நினைத்தால், அவர் உயில் எழுதியே ஆக வேண்டும்.

மகளின் பங்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பக்கத்துக் குடும்ப வழக்குகளில் பெரும் பகுதி இங்கேதான் பிறக்கிறது. 'சீர் செய்து அனுப்பியாயிற்று, நகை போட்டாயிற்று, அத்தோடு அவள் பங்கு தீர்ந்தது' என்பது ஊர் வழக்கம். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. சீர் என்பது பங்குக்கு ஈடாகாது. கூட்டுக் குடும்பத்தின் பிதுரார்ஜிதச் சொத்தில், அதாவது முன்னோர் வழி வந்த சொத்தில், மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. அதற்கு முன் திருமணமான மகள்களுக்கு மட்டும் அது பொருந்தவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை, 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 'தேவையில்லை' என்று தீர்த்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவு செய்யப்பட்ட, அல்லது நீதிமன்றத் தீர்ப்பின்படி நடந்த, பாகப்பிரிவினைகள் மட்டும் கலைக்கப்பட மாட்டா. மகள் தானாக முன்வந்து தன் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுக்கலாம். அதற்குப் பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரம் வேண்டும். மாரியம்மன் கோயில் திண்ணையில் நான்கு பேர் முன்னிலையில் சொன்ன வார்த்தை, பத்திரத்துக்கு ஈடாக நிற்காது.

இதோடு இன்னொரு தவறான நம்பிக்கையையும் தீர்த்துவிடலாம். 'தாத்தா சொத்தைப் பேரன் சம்மதமில்லாமல் விற்க முடியாது' என்பார்கள். தாத்தா தாமே சம்பாதித்த நிலம் 1956-க்குப் பிறகு வாரிசு முறையில் தந்தைக்கு வந்திருந்தால், அது பொதுவாகத் தந்தையின் தனிச் சொத்துதான். பேரனுக்கு அதில் பிறப்புரிமை இல்லை. உண்மையான பிதுரார்ஜிதச் சொத்தாக இருந்தால், ஒருவர் தம் பாகத்துக்கு மட்டுமே உயில் எழுதலாம். ஆகவே உயில் எழுத உட்காரும் முன் தாய்ப்பத்திரத்தை எடுத்து, இந்த நிலம் நம் பெயருக்கு எந்த வழியில் வந்தது என்று படித்துப் பார்ப்பதே முதல் வேலை. பட்டா வருவாய்த்துறை ஆவணம். அது மட்டுமே உரிமையை நிலைநாட்டாது.

மற்ற சமயத்தாருக்கு விதிகள் மாறும். இஸ்லாமியர் ஒருவர், வாரிசுகளின் சம்மதம் இல்லாமல், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. கிறித்தவர் திருமணம் செய்துகொண்டால் அதற்கு முன் எழுதிய உயில் தானாகவே ரத்தாகிவிடும்.

இனி உயில். இதைப் போல மலிவான, இதைப் போல அஞ்சப்படுகிற ஆவணம் வேறு இல்லை. இதற்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமல்ல. தெளிவான மனநிலையிலுள்ள, பதினெட்டு வயது நிறைந்த எவரும் எழுதலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பது இவ்வளவுதான்: எழுதுபவர் கையெழுத்திட வேண்டும் அல்லது கைரேகை வைக்க வேண்டும்; அதைக் கண்ட இரண்டு சாட்சிகளாவது அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். சாட்சிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் நாம் தவறு செய்கிறோம். மரியாதைக்காக ஊர்ப் பெரியவர்கள் இருவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குகிறோம். உயில் பின்னாளில் நீதிமன்றத்துக்குப் போனால் சாட்சிகளில் ஒருவராவது நேரில் வந்து சொல்ல வேண்டும். எழுபத்தைந்து வயதுப் பெரியவர் அதுவரை இருப்பார் என்று எப்படி நம்புவது? எழுதுபவரைவிட இளையவர்களாக, சொத்தில் எந்தப் பயனும் பெறாதவர்களாக, உள்ளூரிலேயே கிடைக்கக்கூடியவர்களாக இருவரைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. அவர்கள் உயிலின் உள்ளடக்கத்தைப் படிக்க வேண்டியதில்லை. கையெழுத்திட்டதைக் கண்டால் போதும்.

பதிவு கட்டாயமல்ல என்றாலும் பதிவு செய்வதையே நான் பரிந்துரைப்பேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யப்படும் உயில் தனிப் புத்தகத்தில் ஏறுகிறது; எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரையோ அவருடைய முகவரையோ தவிர வேறு யாருக்கும் நகல் தரமாட்டார்கள். 'பதிவு செய்தால் பசங்களுக்குத் தெரிந்துவிடும்' என்ற அச்சத்துக்கு இடமில்லை. முத்திரையிட்ட உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வழி இருக்கிறது. ஒரு பிள்ளைக்குக் குறைத்துக் கொடுப்பதாக இருந்தால், அதற்கான காரணத்தை இரண்டு வரியில் உயிலிலேயே எழுதிவிட வேண்டும். 'மூத்த மகனுக்கு ரிக் வண்டி வாங்க ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டேன்' என்ற ஒரு வாக்கியம், பின்னால் வரக்கூடிய சந்தேகத்தைப் பெருமளவு குறைக்கும். உடல் நலம் குன்றியவர் எழுதுவதாயின், மனநிலை தெளிவாக இருந்தது என்று மருத்துவரிடம் அதே நாளில் சான்று பெறுவது உதவும். உயிலில் பட்டியலிடாமல் விட்டுப்போன, பின்னாளில் வரக்கூடிய சொத்துகள் யாருக்கு என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

உயிலுக்கு மாற்றாக நம் ஊர்களில் பரவலாகச் செய்யப்படுவது செட்டில்மென்ட், அதாவது உயிரோடிருக்கும்போதே சொத்தை இன்னொருவர் பெயருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம். உயில் இறந்த பிறகே பேசும். செட்டில்மென்ட் பதிவான உடனே பேசும். நெருங்கிய குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதினால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு என்பதால், விலை ஏறிய கோவைப் புறநகர் நிலங்களுக்கு இது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் எழுதிக் கொடுத்தவர் மனம் மாறித் தாமாகவே ரத்து செய்ய முடியாது. எல்லாவற்றையும் மகன் பெயருக்கு எழுதிவிட்டு, மாதம் பிறந்தால் மருந்துக்கு அவனிடம் கை நீட்டும் அய்யன்மாரை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு இவர்களுக்கு ஒரு வழி தருகிறது: பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பெற்றுக்கொண்டவர் பராமரிக்காவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கலாம். நிபந்தனை வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் ஒன்றுபோல் பேசவில்லை. எனவே அதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவதுதான் பாதுகாப்பு. தம் ஆயுள்வரையிலும், அதற்குப் பின் தம் மனைவியின் ஆயுள்வரையிலும், குடியிருக்கவும் வருமானத்தை அனுபவிக்கவும் உரிமையை வைத்துக்கொண்டு எழுதலாம். பத்திர எழுத்தர் இதைத் தாமாகக் கேட்கமாட்டார். நாம்தான் சொல்ல வேண்டும்.

மனைவிக்கு ஆயுள்கால அனுபவ உரிமை மட்டும் கொடுத்து, அவருக்குப் பின் பிள்ளைகளுக்கு என்று எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு. இதில் இரண்டு சிக்கல்கள். ஜீவனாம்சத்துக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட குறைந்த உரிமை, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி முழு உரிமையாக மாறிவிடக்கூடும். அப்படி மாறியதா இல்லையா என்று பல வழக்குகள் நடந்திருக்கின்றன. இரண்டாவது, மருத்துவச் செலவுக்கு அவசரமாகப் பணம் வேண்டும்போது, ஆயுள்கால உரிமை மட்டுமுள்ள அந்த அம்மையார் அந்தச் சொத்தை விற்க முடியாது. வீட்டையும், விற்றுப் பணமாக்கக்கூடிய ஏதேனும் ஒன்றையும் முழு உரிமையாகவே அவருக்கு எழுதிவைப்பதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. அறுபது ஆண்டுகள் சாளையை, அதாவது தோட்டத்து வீட்டை, கட்டிக் காத்தவருக்கு அந்த அளவு நம்பிக்கை வைக்கலாம்.

வங்கிக் கணக்கில் நாமினி போட்டுவிட்டேன், அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ள அதிகாரம் பெற்றவர், உரிமையாளராக வேண்டியதில்லை. உயில் வேறு ஒருவருக்கு என்று சொன்னால் உயிலே நிற்கும். பங்குச் சந்தைப் பங்குகளுக்கும் இதுவே விதி என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பின் பெற்றோர், கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் அவர்களே பயனாளிகள். வங்கி வைப்புகளுக்கு 2025 நவம்பர் முதல் நான்கு பேர்வரை நாமினியாகப் போடலாம். வருங்கால வைப்பு நிதியில் திருமணத்துக்கு முன் போட்ட நாமினேஷன் திருமணத்தோடு செல்லாமல் போய்விடும். பனியன் கம்பெனியில் இருபது வயதில் சேர்ந்து அம்மா பெயரைப் போட்டவர்கள் இதைச் சரிபார்ப்பது நல்லது.

தொழில் செய்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. திருப்பூரிலும் கோவையிலும் பல கம்பெனிகள் மச்சானும் மச்சானும், அல்லது இரண்டு நண்பர்கள், கூட்டாக நடத்துபவை. கூட்டு ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, ஒரு பங்குதாரர் இறந்தவுடன் 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி அந்தக் கூட்டு கலைந்துவிடும். இரண்டே பேர் கொண்ட கூட்டில், எழுதியிருந்தாலும் மிஞ்சுபவர் ஒருவராக எப்படிக் கூட்டு நடத்த முடியும்? இறந்தவரின் பங்கை எப்படி மதிப்பிடுவது, எத்தனை தவணையில் அவருடைய குடும்பத்துக்குக் கொடுப்பது, அவர் வீட்டை ஈடாக வைத்து வாங்கிய தொழில் கடனை யார் மீட்பது என்பவற்றை இருவரும் நல்லுறவில் இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கான பிராமிசரி நோட்டுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுதான் ஆயுள். பீரோவுக்குள் அது இருப்பதே வீட்டாருக்குத் தெரியாவிட்டால் பணம் போனதுதான். கடனைப் பொறுத்தவரை ஓர் ஆறுதல் உண்டு: பிள்ளைகள் தமக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு; தங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து அடைக்க வேண்டியதில்லை. தறிக்கோ லாரிக்கோ பெருங்கடன் வாங்கியிருப்பவர், கடனளவுக்கு டெர்ம் காப்பீடு ஒன்றை, 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் மனைவி பெயருக்கு எடுத்தால், அந்தத் தொகையைப் பொதுவாகக் கடன்காரர்கள் தொட முடியாது. பாலிசி எடுக்கும்போதே அப்படிக் கேட்டு எடுக்க வேண்டும்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். மைனரின் பங்கிலுள்ள நிலத்தைத் தாயே ஆனாலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது. பிள்ளைகளின் படிப்புக்காகவே நிலத்தை விற்க வேண்டிய நிலையில்கூட இந்த அனுமதிக்காக அலைய நேரும். உயிலில் மனைவிக்கே எழுதிவிட்டாலோ, நம்பகமான ஒருவரை நிறைவேற்றுபவராக நியமித்து விற்கும் அதிகாரம் கொடுத்துவிட்டாலோ இந்த அலைச்சல் பெருமளவு குறையும். மனவளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம் போன்றவை உள்ள பிள்ளைக்கு, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு வழியாகச் சட்டப்பூர்வப் பாதுகாவலரைப் பெற்றோர் இருக்கும்போதே நியமித்துவிட வேண்டும்.

இனிக் கிணற்றுக்கு வருவோம். பத்திர எழுத்தர்கள் வழக்கமாக எழுதும் 'கிணற்றில் மூன்றில் ஒரு பாகமும் தட பாத்தியமும் சகிதம்' என்ற வரி தேவைதான்; ஆனால் போதாது. உயிலிலோ பாகப்பிரிவினையிலோ கீழ்க்கண்டவாறு ஒரு பத்தி சேர்த்தால் என்ன செலவாகிவிடும்? சர்வே எண்ணையும் பெயர்களையும் மட்டும் அவரவர் நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

'மேற்படி கிணறும், அதிலுள்ள மோட்டாரும், மின் இணைப்பும் என் மூன்று மக்களுக்கும் சம பாகமாகப் பாத்தியப்பட்டவை. மின் இணைப்பு மூத்தவர் பெயரில் இருந்தாலும், அது மூவருக்கும் உரியது. அவர் அதைத் தனியே மாற்றவோ ஒப்படைக்கவோ கூடாது. ஞாயிறு காலை ஆறு மணி தொடங்கி ஆளுக்கு இரண்டு நாள் முறையாகத் தண்ணீர் இறைத்துக்கொள்ள வேண்டியது. பழுதுச் செலவை மூவரும் சமமாகத் தர வேண்டியது. பதினைந்து நாளில் தராதவருக்கு, தரும்வரை முறை இல்லை. தண்ணீர் வற்றிய காலத்தில் ஆழப்படுத்த இருவர் சம்மதித்தால் போதுமானது. இட்டேரியிலிருந்து கிணறுவரையும், கிணற்றிலிருந்து கீழ்ப்பங்குவரையும் பன்னிரண்டு அடி அகலத்துக்கு வண்டித்தடம் விடப்பட்டிருக்கிறது. அதில் யாரும் வேலி போடக் கூடாது. தம் பங்கை விற்க நினைப்பவர் முதலில் மற்ற இருவரிடமும் கேட்க வேண்டியது.'